என் குற்றத்தின் உண்மை நகல்

அரக்கு உருகும் வாசனை வந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். போன வாரம் தபாலாபீஸில் யாரோ ஒரு துணிப் பார்சலுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்திச் சுடரில் சிவப்புக் குச்சி வியர்த்து, கொழுத்து, சொட்டாகி முடிச்சின்மேல் விழுந்தது. பித்தளை முத்திரையை ஈரத்தில் தொட்டு அழுத்தினார்கள். கருகலும் இனிப்புமான அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தெரியும். தபால்தலைக்கு நின்றிருந்த நான் அங்கே இல்லை. திருப்பத்தூர் கோர்ட்டின் பின்பக்கத்தில், நகல் பிரிவு ஜன்னலுக்கு வெளியே, அம்மாவின் முழங்கை விலாவில் இடிக்க நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் குற்றத்துக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

குற்றம் என்று சும்மா சொல்லவில்லை. சட்டப்படி நான் தண்டனை அனுபவித்தவள். காகிதம் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கு மேலே வைத்திருக்கிறேன். கீழே இல்லை, மேலே.

ஜவ்வாது மலையில், காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு ஓடை தாண்டினால் எங்கள் ஊர். இருபத்துமூன்று வீடு. சாமை விதைப்போம், புளி உலுக்குவோம், ஆடு வளர்ப்போம். ராத்திரி ஆடுகள் அவரவர் பட்டியில் கிடக்கும். காலையில் அவிழ்த்துவிட்டால் எல்லாம் ஒரே மந்தை. மேய்ப்பதற்கு முறை உண்டு. இன்றைக்கு மேல் வீடு, நாளைக்குப் பலாமரத்து வீடு, மறுநாள் பாறை வீடு என்று சுற்றிக்கொண்டே வந்து சரிவின் ஓரத்தில் இருக்கும் எங்கள் கடைசி வீட்டில் முடிந்து மறுபடி மேலே ஏறும். ஆடுகளுக்கு முறை தெரியாது, எல்லையும் தெரியாது. அரசாங்கக் காப்புக்காட்டின் எல்லைக்கல் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்கும். ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடும். பங்குனி பிறந்தால் எங்கள் பக்கத்துத் தரை ஓடு மாதிரி காய்ந்து கிடக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் புல் அப்போதும் முழங்கால் அளவு ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டை மட்டும் குறை சொல்லி என்ன?

வருஷத்துக்கு ஒரு தரம் காட்டு கார்டு மந்தையை மடக்குவார். மடக்கினால் கேஸ் எழுதியாக வேண்டும்.

"யார் ஆடுய்யா இது?"

"ஊர் ஆடுங்க."

"ஊர் பேர எழுதறதுக்கு இதுல எடம் இல்ல. ஆள் பேரு சொல்லு."

மந்தைக்கு ஒரு பேர் எங்கே கிடைக்கும்? எந்த ஆடு முதலில் கல்லைத் தாண்டியது என்று யாருக்குத் தெரியும்? அதனால் எங்கள் ஊர் இதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டது. அபராதத்தை ஊர் கட்டும். கோர்ட்டில் ஒரு வீடு நிற்கும். இந்த வருஷம் ஒரு வீடு நின்றால் அடுத்த வருஷம் அடுத்த வீடு. நின்றவர் திரும்பி வரும்போது ஊர் எல்லையில் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றுவார்கள். அன்றைக்குப் பொதுவில் வடித்த சாமைச் சோற்றில் அவர்தான் முதலில் கை வைப்பார். அத்தோடு கேஸ் கழிந்தது. கழிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் வெள்ளைக் கோபுரம் எழும்பிய அடுத்த வருஷம் எங்கள் வீட்டின் முறை வந்தது. அப்பா அதற்கு முந்தின தையில் புளியமரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். அண்ணன் தம்பி கிடையாது. எனக்கு வயது பத்தொன்பது. ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் நான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. ஊர்க்கவுண்டர், அப்பாவுக்குப் பெரியப்பா மகன், வீட்டு வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒங்க வூட்டத் தாண்டிப் போய்டலாம்னு பேசிகினு கீறோம். ஆம்பள இல்லாத வூடு. மேல் வூட்டுக்காரனே இன்னொரு வாட்டி நிக்கறன்னு சொல்றான்."

அம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை.

"ஏன் மாமா, எங்க வூட்டு ஆடு மட்டும் புல்லு துன்னாம வூடு வந்துச்சா?"

"அதுக்கில்லம்மா. பொம்பளய கோர்ட்டுல கொண்டுபோய் நிக்கவச்சி..."

"மேய்க்கிற மொறைக்கு நான் ஒண்டியா மலமேல போனனே, அப்ப நான் பொம்பளன்னு ஒருத்தருக்கும் தோணலியா? எங்க வூட்டு மொறைய யாரும் தூக்க வாணாம். நான் போறன்."

"நீ இரு. நான் போறன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அப்புறம் காரணம் தேடிச் சொன்னேன். "இதுவரைக்கும் போனவங்க எல்லாரும் ரேகதான் வச்சாங்க. இன்னா எழுதியிருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் படிச்சிப் பாத்துட்டு கையெழுத்துப் போடுவன்."

கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேஸுக்குப் போறதுக்கும் படிப்பு வேணுமாடா சாமி" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் துணைக்கு அவரேதான் வந்தார்.

கோர்ட்டில் டவாலி என் பேரை மூன்று தரம் கூப்பிட்டார். அவர் மூக்குக்கு நேரேதான் நின்றேன். இருந்தாலும் மூன்றாவது தடவை மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இத்தனை ஆடும் உன்னுதாம்மா?"

"ஊருதுங்க."

"நீயா மேய்ச்சே?"

"அன்னைக்கு நான் மேய்க்கலீங்க. ஆனா ஆடு உள்ள போனது நெசங்க. இந்த வருசம் நிக்கிறது எங்க வூட்டு மொறைங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முறை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். மேல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை சொன்னேன். அவர் எதையோ எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார். ஒப்புக்கொண்டேன். அபராதம், அதோடு கோர்ட் கலையும்வரை தண்டனை. அதாவது, அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் வரைக்கும் நான் அந்த அறையை விட்டு நகரக் கூடாது.

சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் பிக்பாக்கெட் கேஸில் வந்த ஒருவர்.

"இன்னா கேஸும்மா?"

"ஆடு."

"திருடுனியா?"

"மேய்ச்சோம்."

"மேய்ச்சதுக்கா? அடக் கடவுளே. நான் உன்ன கொஞ்சம் பெரிய கேஸுன்னு நெனச்சிட்டேன்" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அன்று பகல் முழுவதும் மின்விசிறி சுற்றுவதையும், மனிதர்கள் வந்து பொய் சொல்வதையும், அழுவதையும், கைகட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயிற்றில் பசிதான் வந்தது. சாயங்காலம் அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். நான் விடுதலை. அதற்கு முன்னால் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். மையைத் தயாராக வைத்திருந்த ஆள் என் கட்டைவிரலைப் பிடித்துவிட்டார். விரலை உருவிக்கொண்டு, "பேனா குடுங்க" என்றேன்.

மறுநாள் காலை எல்லையில் மஞ்சள் தண்ணீர் குளிர்ந்தது. ஊரின் ஆண்கள் எல்லோரும் இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் முதல் உருண்டையை எடுக்கும்வரை காத்திருந்தார்கள். அந்த ஒரு வாய் சாமைச் சோற்றின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஏழு வருஷம் போயிற்று. மலையிறங்கிக் கீழ்நாட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தேன். மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஆசிரியையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நிரப்பி அனுப்பச் சொல்லி நாலு பக்கப் படிவம் வந்தது. மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன். குண்டு குண்டாக, அழகாக எழுதினேன். பேனா தயங்கவில்லை. பொய் என்று தோன்றவே இல்லை. கேஸ் ஊருடையது, நான் வீட்டுக்காக நின்றேன், காலில் தண்ணீர் ஊற்றியாயிற்று. எல்லையிலேயே கழுவிவிட்ட ஒன்றைக் காகிதத்தில் யார் தேடுவார்கள்?

தேடினார்கள். போலீஸ் விசாரித்து எழுதியிருந்தது. வேலூர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் தண்டனை பெற்றதாகத் தெரியவருகிறது. அதை மறைத்திருக்கிறீர்கள். தீர்ப்பின் நகலோடு பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தரவும். தவறினால் தேர்வு ரத்து செய்யப்படும்.

ஊர்க்கவுண்டருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"அபராதம் ஊர் கட்டிச்சி. தண்ணியும் ஊத்தியாச்சி. அப்பறமும் உம்பேரு எப்டி அங்கயே நின்னுகினு கீது?"

"அங்க தண்ணி ஊத்தலியே பெரியப்பா."

அதைச் சொன்னபோதுதான் எனக்கே புரிந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் தண்டனை பெற்றவர். ஒருவருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டிய தேவை அதுவரை வரவில்லை. அரசாங்கத்து வேலைக்கு மனுப்போட்ட முதல் ஆள் நான்தான்.

அம்மா வேப்பெண்ணெய் தடவி என் தலையை வாரிவிட்டாள். "வா, நம்ப கேஸ நம்பளே போய் வாங்கிகினு வரலாம்" என்றாள், சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி.

நகல் பிரிவு குமாஸ்தாவின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி இல்லை. நூலால் காதில் கட்டியிருந்தார். மனு எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டி நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேஸ் நம்பர்?"

"தெரியாதுங்க."

"வருஷம்?"

நான் யோசிக்கும் முன் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "காவலூருல வெள்ளக் கோபுரம் கட்டுனாங்க இல்ல சாமி, அதுக்கு அடுத்த வருசம். பலா பழுக்கறதுக்கு மின்ன."

"பலா பழுக்கறதுக்கு முன்னன்னு ரிஜிஸ்டர்ல காலம் இல்லம்மா."

"அப்ப எந்தக் காலம் கீதோ அதுல பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிக்கார்டு ரூமுக்குள் போனவர் தலையில் ஒட்டடையும் கையில் தடித்த பதிவேடுமாக வந்தார். "சின்னக் கேஸ் கட்டெல்லாம் கொஞ்ச வருஷத்துல கொளுத்திடுவாங்க. உன் அதிர்ஷ்டமோ என்னவோ, இது இன்னும் இருக்குது" என்று விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். எங்கள் ஊர்ப் பேர் வந்தது. ஒரு பேர் படித்தார்.

"பலாமரத்து வூடு" என்றாள் அம்மா.

அடுத்த வருஷத்தில் இன்னொரு பேர்.

"பாற வூடு. பாவம், போய்ச் சேந்துட்டாரு."

அடுத்தது.

"ஓட வூடு. இந்தாளு கோர்ட்டுக்குப் போய்ட்டு அப்டியே சினிமா பாத்துட்டு வந்தவரு."

குமாஸ்தா புரட்டிக்கொண்டே போனார். வருஷத்துக்கு ஒன்று. அதே ஊர், அதே காடு, அதே குற்றம், வேறு பேர். ஒரு வீடும் இரண்டு தடவை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி நூலைக் காதில் மாட்டினார்.

"இன்னாம்மா இது? ரேஷன் கடையில நிக்கற மாதிரி வரிசையா நின்னிருக்கீங்க?"

"ரேசன் கடையில தள்ளுவாங்க சாமி. நாங்க தள்ள மாட்டோம்" என்றாள் அம்மா.

என் கேஸ் கட்டு வந்தது. குமாஸ்தா அதை என் பக்கம் திருப்பவில்லை. தானே வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"இங்க பாரும்மா. இதுல வயசு இருவத்தெட்டுன்னு போட்டிருக்குது. அப்பா பேரு இருக்கற எடத்துல 'கடைசி வீடு'ன்னு எழுதி வச்சிருக்காங்க."

"யார் வூட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்க. கடைசி வூடுன்னு சொன்னன்."

"அதான் சொல்றேன். இது நீதான்னு இதுல ஒண்ணுமே இல்ல. உங்க ஊர்ல இதே பேர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தார்கள். சாமி பேர், மூத்த பெண்ணுக்கெல்லாம் அதைத்தான் வைப்பார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர்.

"அஞ்சு பேரா! அப்பறம் இன்னா? இந்தக் கேஸுல இருக்கற எதிரி நான் இல்லன்னு வெள்ளத்தாள்ல நாலு வரி எழுது. இந்த நகலையும் சேத்துக் குடு. வயசு இடிக்குது, அப்பா பேரு இடிக்குது. நீ எழுதுன 'இல்லை'யும் சரியாய்டும். வேலைக்குப் போய்ச் சேரு."

எவ்வளவு சுலபமான வழி. சட்டம் செருப்பைத் தைத்துக் காலடியில் வைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் கட்டை என் பக்கம் திருப்பினார். தாளின் அடியில் என் கையெழுத்து. பத்தொன்பது வயதுக் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. "உங்க ஊர்க் கட்டெல்லாத்துலயும் ரேகதான். இது ஒண்ணுதான் கையெழுத்து" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பயப்படாத. நகல்ல கையெழுத்து வராது. 'ஒப்பம்'னு மட்டும் டைப் அடிப்போம். யாருக்கும் தெரியாது. மூணு நாள் கழிச்சு வா."

பஸ் ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கும்வரை அம்மா மல்லாட்டைத் தோலை உடைத்து உடைத்துக் கடலையை என் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் பஸ் முனகியது.

"அந்தாளு சொன்ன மாரி எழுதிக் குடுத்தா, அப்ப அன்னைக்கு நின்னது யாருன்னு ஆவும்?"

"வேற யாரோன்னு ஆவும்."

"எவ? கண்ணமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்கமே உம் பேருகாரி, அவளா? அவ மாமியாக்காரி இப்பவே மலக்காரி மலக்காரின்னு இடிச்சிகினு கீறா. போலீஸு போய் அந்த வாசல்ல நின்னா?"

கையில் சேர்ந்துவிட்ட கடலையை அவள் மடியில் திருப்பிக் கொட்டினேன்.

"நம்ப வூட்டு மொற, நிக்காத மொறன்னு ஆய்டும் இல்ல?" என்றாள். அப்புறம் அவளே, "நீ படிச்சவ. உனுக்கு எது சரியோ அத செய்யி. நான் இன்னாத்த கண்டன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுதினேன். மறைக்க மாட்டேன். அந்த நாலு வரியை எழுதத்தான் செய்தேன், நல்ல வெள்ளைத்தாளில், கோடு போட்டு. 'மேற்படி எதிரி நான் அல்ல.' கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றது. எந்தக் கையெழுத்தைப் போடுவது? எனக்கு ஒன்றுதான் தெரியும். கோர்ட்டுக் கட்டில் இருப்பதும் அதுதான், அதே வாலோடு. கட்டைவிரலை உருவிக்கொண்டு பேனா கேட்டவளை, அந்தப் பேனாவாலேயே நான் இல்லை என்று சொல்ல வேண்டும். ஊர் ஆண்களைக் காக்க வைத்து முதல் வாய் சாப்பிட்டவள் யார்? கண்ணமங்கலத்துப் பெண்ணா? எழுந்து சரிவில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உடம்பெல்லாம் தெரிந்தது. எங்கள் மலைப் பிள்ளைகளின் முன்னால் சாக்கட்டியோடு நிற்க வேண்டும் என்று ஏழு வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் ரேகைக்குப் பதில் கையெழுத்துப் போடு என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் எந்த வாயால் சொல்வேன்?

கையெழுத்தில்லாத அந்தத் தாளைக் கூரை எரவாணத்தில் செருகினேன்.

மூன்று நாள் கழித்து நகல் தயாராக இருந்தது. குமாஸ்தா மெழுகுவத்தி ஏற்றினார். நூல் கோத்த மூலையில் அரக்கைச் சொட்டினார். அந்த வாசனை. "உண்மை நகல்" என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி நீட்டினார்.

நின்ற இடத்திலேயே படித்தேன். அச்சடித்த இங்கிலீஷ் படிவம். காலி இடங்களில் எண்ணும் பிரிவும் தண்டனையும். நடுவில் மட்டும் நாலு வரி தமிழ். அன்றைக்கு மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துக் கேட்டுவிட்டு எழுதினாரே, அது: 'ஆடுகள் ஊருக்குப் பொதுவானவை என்றும், சம்பவத்தன்று தான் மேய்க்கவில்லை என்றும், ஆண்டுக்கு ஒரு வீடு வழக்கில் நிற்பது ஊர் வழக்கம் என்றும், இவ்வாண்டு தன் வீட்டு முறை என்றும் எதிரி கூறுகிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஒப்பம்.'

சிரித்த அறையில் சிரிக்காமல் ஒருவர் எங்கள் முறையை அரசாங்கத்துத் தாளில் ஏற்றியிருக்கிறார். ஏழு வருஷம் அது ஒட்டடைக்குள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொருவாட்டி படி" என்றாள். படித்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் குமாஸ்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எழுதச் சொன்ன நாலு வரி எழுதிட்டியாம்மா?" என்றார்.

"எழுதினேன். கையெழுத்து வரலீங்க."

அவர் நூலைக் காதில் சரிசெய்துகொண்டார். "சரி, போய்ட்டு வா டீச்சரம்மா" என்றார். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

வேலூர் அலுவலகத்தில் அதிகாரி நகலைப் படிக்கும்போது அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். உட்காரச் சொன்னார், அம்மா மறுத்துவிட்டாள். படிவத்தில் நான் எழுதிய 'இல்லை'யின் மேல் பென்சிலால் தட்டினார்.

"ஆசிரியை வேலைக்கு வர்றீங்க. இது பொய்யில்லையா?"

"எழுதும்போது பொய்யின்னு தெரியாதுங்க. கேஸ் ஊரோடதுன்னு நெனச்சோம். எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் நெனச்சிகினு இருக்காங்க. கோர்ட்டு எம்பேர்ல வச்சிருக்குதுன்னு உங்க கடுதாசி வந்தப்பறம்தான் தெரிஞ்சிச்சு."

"இதுல வயசும் சரியில்ல, தகப்பனார் பேரும் இல்ல. இது நீங்கதானா?"

மறுபடியும் அதே கதவு திறந்தது. இந்தத் தடவை திறந்தவர் அதிகாரியே. பக்கத்தில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான்தாங்க. வயசு அவங்க தப்பா எழுதிட்டாங்க. கடைசி வூடு எங்க வூடுதாங்க. நின்னது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் திருப்பி, பேனாவையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார். "அந்த 'இல்லை'ய அடிச்சுட்டு, சரியானத எழுதி, பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போடுங்க. விளக்கம் தனியா ஒரு பக்கம் வேணும். நான் மேல எழுதறேன். முடிவு அங்கதான், ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

'ஆம்' என்று எழுதினேன். இரண்டே எழுத்து. அந்த நாலு பக்கத்தில் நான் எழுதியதிலேயே அதுதான் அழகாக வந்தது.

நாற்பது நாள் காத்திருந்தோம். சாமை கதிர் தள்ளியது. ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காவலூர்ப் பக்கம் போய் வந்தவர்கள் மட்டும் தபால்காரரைப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று யாரிடமோ சொல்வதுபோல எங்கள் வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் தபால்காரர் இரண்டு ஓடையையும் தாண்டி அவரே வந்தார். விளக்கம் ஏற்கப்பட்டது. பணியில் சேரவும்.

சேரும் நாளில் அம்மா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவரை வந்தாள். என்னைத் தூக்கவிடவில்லை. வேட்டி மடிப்புக் கலையாமல் கவுண்டரும் பின்னால் வந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஊரு டீச்சரு. கேஸுல கையெழுத்துப் போட்ட பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாருக்கும் புரிந்திருக்காது. அவர் விளக்கவும் இல்லை. வாசலில் பெட்டியை இறக்கியதும் அம்மா மடியிலிருந்து வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பொட்டலத்துத் தாளில் கோடு போட்ட என் எழுத்து தெரிந்தது: 'மேற்படி எதிரி நான் அல்ல.' எரவாணத்திலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் ஜன்னல்களில் முகங்களாக நிறைந்து எங்களையே பார்த்தார்கள். அம்மா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். பத்தடி போனவள் திரும்பினாள்.

"நம்ப வூட்டு மொற மறுபடி சுத்தி வந்துச்சின்னா நான் போய் நிக்கறன். அதுக்கோசரம் நீ லீவு போட்டுட்டு ஓடியாந்துடாத."